‘டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்’: இல்லறத்துக்குள் புகுந்த குடிநோய்

பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கி 1962-இல் வெளிவந்த ‘டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்’ என்னும் கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படம், ஜே. பி. மில்லர் 1958-இல் தொலைக்காட்சிக்கு எழுதிய நாடகத்திலிருந்து உருவானது. குடிநோயைத் தனியொருவரின் சீரழிவாகக் காட்டாமல், கணவனும் மனைவியும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும் வாழ்க்கை முறையாகக் காட்டியதே இதன் தனித்தன்மை.

சான் பிரான்சிஸ்கோவில் மக்கள் தொடர்புப் பணியிலிருக்கும் ஜோ, பின்னர் தன் மனைவியாகும், மதுவையே விரும்பாத கிர்ஸ்டனுக்குச் சாக்லேட் பிடிக்கும் என்று அறிந்ததும், பிராந்தியுடன் பாலேடும் கொக்கோச் சுவை மதுவும் கலந்த ‘பிராந்தி அலெக்சாண்டர்’ என்னும் பானத்தை வரவழைத்துத் தருகிறான். ஜோவாக நடித்த ஜாக் லெமன் அதுவரை நகைச்சுவைக்கே பெயர்பெற்றவராதலால், தொடக்கக் காட்சிகளில் சிரித்து மகிழும் பார்வையாளரும் தம்மை அறியாமலே அந்தக் குடிக்கு உடந்தையாகிவிடுகின்றனர். இயக்குநர் வேண்டுமென்றே விரித்த வலை அது.

வேலை பறிபோய், வீடும் தீப்பற்றியபின், கிர்ஸ்டனின் தந்தை நடத்தும் நாற்றுப்பண்ணையில் இருவரும் குடியை விட்டுச் சிலகாலம் வாழ்கின்றனர். பின்னர் ஒரு மழையிரவில், பசுமைக்குடிலின் பூந்தொட்டியொன்றில் தான் ஒளித்துவைத்த புட்டி எத்தொட்டியில் உள்ளதென்று மறந்துபோன ஜோ, மாமனார் வளர்த்த செடிகளையெல்லாம் பிடுங்கி எறிந்து சேற்றில் புரண்டு தேடுகிறான். தொடங்கியபின் நிறுத்த இயலாமையை மருத்துவர்கள் ‘கட்டுப்பாட்டிழப்பு’ என்பர். அதன் பொருளை இக்காட்சியைப்போல் விளக்கிய திரைக்காட்சிகள் மிகச் சிலவே.

குடியிலிருந்து மீள விரும்புவோர் தம் அனுபவத்தைப் பகிர்ந்து ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் கூட்டமைப்பு, 1935-இல் ஒகையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் தோன்றியது. அதன்வழி ஜோ மீளும் பகுதிகள் ஓரளவு பிரசாரத் துண்டறிக்கையின் சாயல் கொண்டவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கிர்ஸ்டனாக வரும் லீ ரெமிக்கின் நடிப்பு அக்குறையை ஈடுசெய்கிறது. தன்னைக் குடிநோயாளி என்று ஒப்புக்கொள்ள மறுக்கும் கிர்ஸ்டன், குடிக்காதபோது உலகமே அழுக்காகத் தோன்றுகிறது என்று கணவனிடம் கூறும்போது, அவளைக் குற்றம் சாட்டவும் இயலவில்லை, அவள் பக்கம் நிற்கவும் இயலவில்லை.

பில்லி வைல்டரின் ‘தி லாஸ்ட் வீக்கெண்ட்’ (1945) காதலியின் அன்பு குடிகாரனைக் காக்கும் என்னும் நம்பிக்கையோடு முடிந்தது. எட்வர்ட்ஸ் அந்த ஆறுதலை அளிக்கவில்லை. மனைவியை நேசித்துக்கொண்டே, அவள் குடியை விடாதவரை வீட்டுக்குள் சேர்க்க மறுக்கும் கணவனை இறுதிக் காட்சியில் நிறுத்திய துணிவே, லெமனின் நடிப்பையும் விஞ்சி இப்படத்தை உயர்த்துகிறது.