பழைய காரில் புது ஸ்டீரியோ: கப்ளரை வெட்டாதீர்கள்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன சந்திப்பில் மாடித்தோட்டம் பற்றிக் கேட்டுவிட்டு ஆளுக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்றோடு வீட்டுக்குப் போனீர்கள். இன்றைக்கு என் கையில் கொடுத்தனுப்ப ஒன்றும் இல்லை. ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றி வேறு ஒன்று மாட்டிய விவரம்தான். "நம்ம பிளாக்கில் யாரிடம் சார் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு?" என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கீழே பேஸ்மென்ட்டில் நிற்கிற கார்களில் எத்தனையோ பேர் ஸ்டீரியோவை மாற்றியிருக்கிறீர்கள், இல்லை மாற்ற நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வண்டி வேறாக இருந்தாலும் வயர் ஒன்றுதான்.

நான் பிரிட்டனில் வேலை பார்த்த நாட்களில் வைத்திருந்தது மாஸ்டா கம்பெனியின் எம்.எக்ஸ்-5. 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. இரண்டே சீட், மடக்குகிற துணிக்கூரை, பின்சக்கரம் இழுக்கும் சின்ன இன்ஜின். அமெரிக்காவில் மியாட்டா என்பார்கள், ஜப்பானில் அதே வண்டிக்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று 2000-இல் கின்னஸில் ஏறியது. 2016-இல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. பணக்காரர் கார் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என்னுடையது ஜப்பானில் ஓடி முடித்து, கப்பலில் பிரிட்டனுக்கு வந்த யூனோஸ். இரண்டு நாட்டிலும் ஸ்டீரிங் வலது பக்கம் என்பதால் இப்படி நிறைய வண்டிகள் அங்கே வந்தன. வண்டி நன்றாகத்தான் இருந்தது. ரேடியோவைப் போட்டால் மட்டும் ஒரே இரைச்சல். செட் பழுது இல்லை. ஜப்பானில் எஃப்.எம். ஒலிபரப்பு 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும். அந்தக் காலத்து செட்டுகள் 90-உடன் நின்றுவிடும். பிரிட்டனில் 87.5 முதல் 108 வரை. இரண்டும் ஒட்டிக்கொள்கிற இடம் இரண்டரை மெகாஹெர்ட்ஸ்தான். பிபிசி ரேடியோ 2 சில ஊர்களில் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த செட்டைச் சென்னைக்குக் கொண்டுவந்திருந்தால் 93.5-உம் வராது, 98.3-உம் வராது, 101.4-உம் வராது. இலங்கையில் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு இது புதிதில்லை. அங்கேயும் ஜப்பானில் ஓடிய வண்டிகள்தான் ஏராளம். இதே தொல்லையும் உண்டு.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சாதனம். ஏரியல் வயருக்கும் செட்டுக்கும் நடுவில் சொருகினால், மேலே உள்ள ஸ்டேஷன்களைக் கீழே இறக்கித் தரும். செட்டில் தெரிகிற எண் தப்பாக இருக்கும், பாட்டு சரியாகக் கேட்கும். மொத்த ஸ்டேஷன்களும் உள்ளே அடங்காது. ரேடியோ மட்டும்தான் குறை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. என் செட்டில் கேசட் பகுதியும் போய்விட்டது, டிஸ்ப்ளே மங்கிவிட்டது. அதனால் மாற்றினேன்.

என்ன செட் வாங்குவது என்பதற்கு முன் அளவைப் பாருங்கள். கார் ஸ்டீரியோவின் சதுர ஓட்டைக்கு ஜெர்மன்காரர்கள் ஒரு அளவு வகுத்தார்கள், டின் என்று பெயர்: 182 மி.மீ. அகலம், 53 மி.மீ. உயரம். உயரத்தில் சுமார் இரண்டு மடங்கு இருந்தால் டபுள் டின். யூனோஸில் இருந்தது டபுள். நான் சிங்கிள் டின் செட் ஒன்று வாங்கி, கீழே மிஞ்சிய இடத்தில் சில்லறை போட ஒரு சின்ன அறை வைத்தேன். பெரிய டச் ஸ்கிரீன் வைத்திருக்கலாமே என்பார்கள். கூரையைத் திறந்துபோட்டு ஓட்டுகிற வண்டி. வெயில் நேரே திரையில் விழும், ஒன்றும் தெரியாது. குளிரில் கையுறை வேறு. திருகுகிற குமிழ்தான் சரி. நீலத்திலும் ஊதாவிலும் மின்னுகிற செட்டுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கல்யாண மண்டபத்துக்கு நல்லது.

இனி கழற்றும் வேலை. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட வேண்டும். இந்த வண்டியில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அதற்கும் முன்னால் ஒன்று: சில கம்பெனி செட்டுகளுக்கு ரகசிய எண் உண்டு. பேட்டரியை எடுத்து மாட்டினால் அந்த எண்ணைக் கேட்கும், கொடுக்காவிட்டால் பாடாது. திருட்டுக்குப் பயந்து செய்த ஏற்பாடு. பழைய செட்டை விற்கவோ திரும்ப மாட்டவோ நினைத்தால், வண்டிக் காகிதங்களில் அந்த எண் இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் பேட்டரியில் கை வைக்க வேண்டும்.

எம்.எக்ஸ்-5-இன் நடு பேனலை அந்த வண்டிக்காரர்கள் கல்லறைக் கல் என்பார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். அதில் காற்று வருகிற இரண்டு வட்டத் துவாரங்களை மெதுவாக நெம்பி எடுத்தால் உள்ளே ஸ்க்ரூ தெரியும். கீழ்ப்பக்கம் இன்னும் சில ஸ்க்ரூ. பிறகு பேனலை முன்னால் இழுக்கலாம், ஆனால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அபாய விளக்கின் ஸ்விட்ச்சும், ஹெட்லைட்டை மேலே எழுப்புகிற ஸ்விட்ச்சும் அதே பேனலில்தான், பின்னால் வயர் இருக்கும். முப்பது வருடத்து பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல், துணி சுற்றிய பட்டையான ஏதாவது ஒன்றால் நெம்புங்கள்.

செட் வெளியே வந்ததும் பின்னால் ஒரு கப்ளர் இருக்கும். நான் இன்றைக்குப் பேச வந்ததே அந்தக் கப்ளரைப் பற்றித்தான். புது செட்டோடு வருகிற வயர்களின் நுனி மொட்டையாக இருக்கும். காரின் கப்ளர் அதில் சேராது. அவசரக்காரர் என்ன செய்வார்? காரின் கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, வயரோடு வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிடுவார். பத்து நிமிஷத்தில் பாட்டு வந்துவிடும். சரியான வழி, அந்தக் காருக்கான அடாப்டர் ஒன்று வாங்குவது. ஒரு பக்கம் காரின் கப்ளரில் சொருகும், மறுபக்கம் வயர். குடும்பத்தோடு ஹோட்டலில் ஒரு வேளை சாப்பிடுகிற செலவுகூட ஆகாது. அந்த அடாப்டரையும் புது செட்டின் வயரையும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நிதானமாக இணைக்கலாம். டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு செய்யத் தேவையில்லை.

வெட்டின வண்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே மாடலில் ஒரு நண்பரின் வண்டி, யாரோ முன்னால் வைத்திருந்தவர் எங்கேயோ கொடுத்து மாற்றியது. கப்ளர் இல்லை. பத்துப் பதினைந்து வயர், அதில் பாதி வேறு கலரில் ஒட்டுப்போட்டது. எது எந்த ஸ்பீக்கர் என்று கண்டுபிடிக்கவே ஒரு மத்தியானம் போயிற்று. அதற்கு ஒரு பழைய வித்தை உண்டு: ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு ஜோடி வயரில் லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தால், அந்த ஜோடிக்கான ஸ்பீக்கர் 'டப் டப்' என்னும். கோன் வெளியே தள்ளினால் பிளஸ்ஸும் மைனஸும் சரி. உள்ளே போனால் தலைகீழ். ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக இருந்தால் பாட்டில் கனமே இருக்காது, ஏன் என்றும் புரியாது.

புது செட்டின் வயர் கலர்களுக்கு ஒரு பொதுவழக்கம் உண்டு. மஞ்சள், எப்போதும் பேட்டரி கரண்ட். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்ட். கறுப்பு, எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நான்கும் ஸ்பீக்கர். காரின் வயர் கலர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிவப்போடு சிவப்பைச் சேர்ப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் ஒவ்வொரு முறையும் செட் நேரத்தையும் ஸ்டேஷனையும் மறந்துவிடும். அது தொல்லை மட்டும்தான். சிலர் இரண்டையும் சேர்த்துப் பேட்டரியிலேயே கொடுத்துவிடுவார்கள். அதுதான் ஆபத்து. சாவியை எடுத்த பிறகும் செட் முழுதாகத் தூங்காது. 200 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர் ஹவர். 30 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஆறு நாளில் காலி. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்விட்டு இரண்டு மாதம் கழித்து வருகிறோம், வாட்ச்மேனைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளச் சொல்கிறோம். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று புதிது வாங்குவதற்கு முன், ஸ்டீரியோவை மாற்றியிருக்கிறீர்களா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. அட்டைப்பெட்டியில் 50 வாட் இன்ட்டு 4 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது கார் மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். அதிலிருந்து நேராக 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டால் தெளிவான சத்தம் 26 வாட்டுக்கு மேல் வர வழியே இல்லை. நடைமுறையில் இருபதுக்குள்தான். திறந்த காரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிற இரைச்சலில் அது போதாது. இந்த வண்டியில் சில ரகங்களுக்கு ஹெட்ரெஸ்ட்டுக்குள்ளேயே, காதுக்குப் பக்கத்தில், ஸ்பீக்கர் வைத்தது அதனால்தான். கெட்டிக்கார வேலை. வாட்டைக் கூட்டாமல் தூரத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

எல்லா வண்டியும் இவ்வளவு சுலபம் இல்லை. அமெரிக்காவின் ஷெவர்லே கார்வெட், 1984 மாடலில் போஸ் கம்பெனியின் ஸ்டீரியோ கேட்டு வாங்கலாம். அதில் ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்கும் தனி ஆம்ப்ளிஃபயர். அதில் சாதாரண செட்டை நேராகக் கோர்த்தால் சரிவராது. செட்டோடு சேர்த்து ஸ்பீக்கர்களையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பழைய செட்டையே ரிப்பேர் செய்ய வேண்டும். ஹோண்டா எஸ்2000-இல் ஸ்டீரியோவை மறைக்க ஒரு அலுமினியக் கதவு உண்டு. புது செட்டின் முகம் துருத்திக்கொண்டிருந்தால் அது மூடாது. போர்ஷே கம்பெனியோ 2020-இல் தன் பழைய வண்டிகளுக்கென்றே புது செட் கொண்டுவந்தது. வெளியே பார்த்தால் பழைய டேஷ்போர்டோடு ஒத்துப்போகும், உள்ளே ஆப்பிள் கார்ப்ளே. விலையைக் கேட்காதீர்கள்.

நம் வண்டிகளுக்கு வருகிறேன். ஆம்ப்ளிஃபயர் தனியாக வைக்கிறவர்கள் பேட்டரியிலிருந்து தடிமனான வயர் ஒன்று நேராக இழுப்பார்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் அந்த வயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருக்கிற ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைத்தான் காப்பாற்றும். நடுவில் வயர் தகரத்தில் உரசித் தோல் போனால், சாவி போடாத வண்டியிலும் அது கொதிக்கும். பேஸ்மென்ட்டில் நம் வண்டிகளுக்கு நடுவே ஆள் நுழையக்கூட இடமில்லை. வயர் ஒட்டுகளில் டேப் மட்டும் சுற்றியிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். வெயிலில் நிறுத்தினால் டேப்பின் பசை உருகி வழுக்கிவிடும்; க்ரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டால் நிற்கும். இன்னொன்று: கம்பெனி மாட்டாத ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் இன்சூரன்ஸ் பாலிசியில் தனியாகச் சேர்த்தால்தான் க்ளெய்மில் வரும்.

கழற்றின பழைய செட்டை என்ன செய்வது? காயலான் கடைக்குப் போடாதீர்கள். மாஸ்டா கம்பெனியே 2017-இல் ஜப்பானில் ஒரு அறிவிப்பு செய்தது: முதல் தலைமுறை ரோட்ஸ்டர்களை எடுத்து, பழைய நிலைக்குக் கொண்டுவந்து கொடுப்போம் என்று. துணிக்கூரை, மர ஸ்டீரிங், அந்தக் காலத்து டயர் வரை திரும்பச் செய்தார்கள். வெறும் பழைய வண்டியாக இருந்தது, எல்லாம் அசலாக இருந்தால் மதிப்பு கூடுகிற வண்டியாகிவிட்டது. நான் செட்டைத் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஸ்க்ரூக்களைத் தனிக் கவரில் வைத்து, ஷூ பெட்டியில் வைத்திருந்தேன். ஊருக்குத் திரும்பும்போது வண்டியை வாங்க வந்தவர் இன்ஜினைப் பார்த்ததைவிட அந்த ஷூ பெட்டியைத்தான் அதிக நேரம் பார்த்தார். கப்ளர் வெட்டாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்தார்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மல்டிமீட்டரோடு பேஸ்மென்ட்டில் இருப்பேன். சாவி எடுத்த பிறகு உங்கள் வண்டி எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று பார்க்க வேண்டியவர்கள் வரலாம். வண்டிக்குக் கால் மணி நேரம் ஆகும். பழைய வண்டிக்காரர்கள் முதலில்.