விருந்தாளி வருமுன் எழுதப்படும் பட்டியல்
(சாவகச்சேரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1957 ஜனவரி கடைசியில் சீனப் பிரதமர் சூ என்லாய் கொழும்புக்கு வந்தார். மாலையும் வரவேற்பும் எல்லா விஜயத்திலும் உண்டு. நான் பேச வந்தது அதற்கு முந்திய வேலையைப் பற்றி.

பண்டாரநாயக்க அரசு கம்யூனிஸ்ட் அரசு அல்ல. மார்க்சியவாதி பிலிப் குணவர்தன அதில் அமைச்சராக இருந்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த விஜயத்துக்கான பாதை 1952இல், யூ.என்.பி. காலத்திலேயே வெட்டப்பட்டது. அப்போது நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. இறப்பர் விலையும் சரிந்திருந்தது. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீஜிங் போனார். வருடம் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்க ஐந்து வருட ஒப்பந்தம் அந்த டிசம்பரில் கையெழுத்தானது. சந்தை விலைக்கு மேலே தரச் சீனா சம்மதித்தது. அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவி தர மறுத்தது. பிறகு 1956 செப்டெம்பரில் சேர் குளோட் கொரியா தலைமையில் ஒரு குழு போய்த் தூதரகம் திறப்பது பற்றிப் பேசியது. சூ என்லாய் விமானம் ஏறுமுன்பே பெரிய காரியங்கள் பேசியாகிவிட்டன.

இப்போது கேளுங்கள். அந்த இறப்பரில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டி விடியற்காலையில் வெட்டிய பாலும் இருந்தது. அதே 1952 மே தேர்தலில் அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் செய்த வேலை அது. பேச்சுவார்த்தை மேசையில் பாலுக்கு விலை பேசினார்கள். வெட்டியவரைப் பற்றிப் பேச யாருக்கு என்ன அவசரம்?

1964இல் நம்மையே மேசையில் வைத்தார்கள். சிறிமாவோ அம்மையார் டெல்லி போய் ஒக்டோபர் 30இல் சாஸ்திரியுடன் கையெழுத்திட்டார். இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். லயத்துக்கு வந்து உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டுவிட்டா போனார்கள்?

2017 மே மாதம் மோடி நோர்வூட்டில் 10,000 வீடு அறிவித்தார். நல்லது. இப்படியான அறிவிப்பு மேடையில் முளைப்பதில்லை. அதிகாரிகள் முன்கூட்டியே கடிதம் எழுதிப் பேசி முடித்த பிறகு வருவது. அந்த நேரத்தில்தான் நம் கடிதமும் போய்ச் சேர வேண்டும். கொடி பிடிக்கப் போகும் நாளில் கொடுக்கும் மகஜர் காரின் பின்சீட்டிலேயே கிடக்கும்.

வாசலில் ஒரு கொப்பி இருக்கிறது. எந்தத் தோட்டம், எத்தனை குடும்பம், 7 பேர்ச் காணிக்கு உறுதி கையில் உண்டா இல்லையா, எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராத அம்மாமார் சொன்னால் போதும், பிள்ளைகள் எழுதுவார்கள். இந்த மாதமே வெளிநாட்டு அமைச்சுக்கும் தூதரகங்களுக்கும் அனுப்புகிறோம். இப்போது யாரும் வருவதாகச் செய்தி இல்லை. அதனால்தான் இப்போதே.