"காலைத் தூக்க முடியல, டாக்டரம்மா"

(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே பி.யு.சி. முடித்துவிட்டு மருத்துவம் படிக்கப் போனவள் நான். முப்பது வருஷத்துக்கு மேல் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். பழைய நினைவுகளைப் பேசச் சொன்னார்கள். ஹாஸ்டல் உப்புமாவைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்களே சொல்லிவிட்டார்கள். நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்த காலம். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். குவாரியில் கல் உடைத்த பெண்கள் கூட ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் பழகியவர்கள் நிறைய. முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

அப்படிப் பழகிய ஒரு பெண் 1993-ல் என்னிடம் வந்தாள். ஏழு மாதம், இரண்டாவது கர்ப்பம். "சைக்கிள்ல ஏற முடியல டாக்டரம்மா. காலைத் தூக்கினா கவட்டுல வெட்டுற மாதிரி இருக்கு. ராத்திரி புரண்டு படுக்க முடியல. பாத்ரூமுக்குத் தவழ்ந்துதான் போறேன்" என்றாள். வரிசையில் இன்னும் அறுபது பேர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏழு மாசத்துல உன்னை யாரு சைக்கிள் ஓட்டச் சொன்னது? இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான், பொறுத்துக்க." கால்சியம் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன்.

பிரசவத்தன்று வழக்கம்போல மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு காலையும் அகலமாக விரித்துத் தூக்கிக் கட்டினோம். அவள் கத்தினாள். பிரசவ வலி என்றே நினைத்தேன். பிள்ளை நலம். ஆனால் தாய் நாலு மாதம் சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாளாம். தடுப்பூசி போட வந்த அவள் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த அம்மா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அந்த வலிக்கு ஒரு பெயர் உண்டு. பெல்விக் கேர்டில் பெயின் என்பார்கள். இடுப்பெலும்பு ஒரு வளையம் மாதிரி. முன்னால் கவட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் சேருகிற இடம் ஒன்று, பின்னால் முதுகெலும்பின் அடியோடு சேருகிற மூட்டு இரண்டு. கர்ப்ப காலத்தில் இந்த இணைப்புகள் கொஞ்சம் இளகும், உடம்பின் எடை முன்னால் சாயும், தசைகள் பிடிக்கிற விதம் மாறும். வளையம் சரிசமமாக அசையாதபோது வலி வருகிறது. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு வரும். குழந்தைக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால் இது "எல்லாருக்கும்" வருவதில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை.

இதை நான் சரியாகப் புரிந்துகொண்டது 2009-ல், என் மகளுக்கு வந்தபோது! ஒரு பிசியோதெரபிஸ்ட் தங்கச்சி இருபது நிமிஷம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அதையே என்னிடம் வந்த எல்லோருக்கும் சொன்னேன்.

ஒற்றைக்காலில் நிற்பதுதான் இந்த வலிக்கு எதிரி. யோசித்துப் பாருங்கள், நாள் முழுக்க எத்தனை தடவை ஒற்றைக்காலில் நிற்கிறோம்! பாவாடை கட்டும்போது, படி ஏறும்போது, பஸ்ஸின் முதல் படியில் கால் வைக்கும்போது. உட்கார்ந்து உடுத்துங்கள். படியில் ஒவ்வொரு படியாக ஏறுங்கள். ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். பாயில் படுத்து எழுவதைவிடக் கட்டில் நல்லது. புரளும்போது இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்து உடம்பை ஒரே கட்டையாகத் திருப்ப வேண்டும். கீழே ஒரு வழுக்கலான சேலையை விரித்துக்கொண்டால் திரும்புவது சுலபம், செலவும் இல்லை. ஒருக்களித்துப் படுக்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள்.

குடத்தை ஒரு பக்க இடுப்பில் வைப்பதும், மூத்த பிள்ளையை இடுப்பில் தூக்குவதும் வேண்டாம். ஆதனக்கோட்டையில் முந்திரி உடைக்கிறவர்களும் கடலை ஆய்கிறவர்களும் சம்மணம் போட்டோ ஒரு காலை மடித்தோ மணிக்கணக்காகத் தரையில் உட்காராமல், ஒரு முக்காலியில் உட்காரலாம். "குந்தி உட்கார்ந்து வேலை செஞ்சாத்தான் சுகப்பிரசவம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வலி இல்லாதவர்கள் செய்யட்டும், இந்த வலி உள்ளவர்களை வற்புறுத்த வேண்டாம். அதற்காக ஒரேயடியாகப் படுத்துவிடவும் கூடாது, தசை பலவீனமாகிவிடும். வலிக்காத அளவுக்கு நடமாட்டம் வேண்டும். இடுப்பு பெல்ட்டும் சிலருக்கு உதவும், கட்டும் விதத்தைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தானாக வலி மாத்திரை வாங்கவே கூடாது. புரூஃபன் போன்றவை கர்ப்பத்தில் ஆகாது. பாரசிட்டமால் கூட டாக்டரைக் கேட்டுத்தான்.

ரத்தப்போக்கு, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், விட்டுவிட்டு வருகிற வலி, பிள்ளை அசைவு குறைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கால் மரத்துப்போவது, இவை வேறு சங்கதி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரசவத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வலிக்காமல் முழங்கால்கள் எவ்வளவு அகலும் என்று வீட்டிலேயே டேப்பால் அளந்து, கார்டில் எழுதி வைத்து, நர்ஸிடம் காட்டுங்கள். ஒருக்களித்துப் படுத்தும் பிள்ளை பெறலாம். இந்த வலிக்காக மட்டும் சிசேரியன் பொதுவாகத் தேவைப்படாது. 1993-ல் அந்தப் பெண்ணின் கார்டில் நான் இந்த ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நம் ஊரில் 1886-ல் பிறந்து, மன்னர் கல்லூரியில் படித்து, 1912-ல் டாக்டரான முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில்தான் அரசின் மகப்பேறு நிதியுதவி இருக்கிறது. பணத்துக்காக மட்டும் பரிசோதனைக்குப் போகாமல், இந்த வலியையும் வாய் திறந்து சொல்லுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. சட்டப்படி, பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கு முன்னால் வரும் ஒரு மாதத்தில், கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கிற வேலையோ தரவேண்டாம் என்று நீங்கள் கேட்டால் தரக்கூடாது. கேட்டால்தான். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

பிள்ளை பிறந்தபின் பெரும்பாலோருக்கு சில வாரங்களில், சிலருக்கு சில மாதங்களில் சரியாகும். சிலருக்கு நீடிக்கும். அவர்கள் "பிரசவ உடம்பு" என்று விட்டுவிடாமல் திரும்பவும் காட்ட வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் மறுபடி வரக்கூடும், அப்போது மூன்றாம் மாதத்திலேயே ஆரம்பித்துவிடலாம்.

மணி அடிக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பேன். கேட்க வேண்டியவர்கள் வாங்க. மாப்பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க, ராத்திரி எழுப்பிவிட வேண்டியது அவங்கதானே!