சிவகாமி ஏன் வர மறுத்தாள்?



கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களில் பெரும்பாலோர் ஒரு கட்டத்தில் சிவகாமியின் மீது கோபப்பட்டிருப்பார்கள். சாளுக்கியத் தலைநகர் வாதாபியில் சிறைப்பட்டிருக்கும் அந்த நாட்டியப் பெண்ணை மீட்டுச் செல்லப் பல்லவ இளவரசர் மாமல்லர் மாறுவேடத்தில், உயிரைப் பணயம் வைத்து வந்து நிற்கிறார். புறப்பட வேண்டியதுதான் பாக்கி. அவளோ வரமாட்டேன் என்கிறாள். இந்த நகரத்தைத் தீக்கிரையாக்கி, இங்கே அடிமைப்பட்டிருக்கும் தமிழ் மக்களை விடுவித்த பிறகுதான் தன்னை அழைத்துப் போகவேண்டும் என்று சபதம் செய்திருக்கிறாள். அந்த மறுப்புக்குப் பின் கதை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இரண்டு நாடுகள் போருக்கு ஆயத்தமாகின்றன. இது வெறும் பிடிவாதமா, கதையை வளர்க்க ஆசிரியர் கையாண்ட உபாயமா என்ற கேள்வி பலருக்கும் உண்டு. இரண்டும் இல்லை என்பது என் கருத்து. அந்தக் கதையை ஓட்டும் விசைக்கு அவளுடைய சுபாவம் ஒன்றே பொருந்தும். வேறொரு சுபாவத்தை அங்கே வைத்தால் கதை நின்றுவிடும்.

கல்கி இந்நாவலை 1944 முதல் 1946 வரை தம் பத்திரிகையில் தொடராக எழுதினார். அவர் கையில் வரலாறு கொடுத்தது இவ்வளவுதான்: மகேந்திரவர்மன் காலத்தில் சாளுக்கியப் புலிகேசி பல்லவ நாட்டின் மீது படையெடுத்தான்; மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் (கதையின் மாமல்லர்) 642 வாக்கில் வாதாபியைக் கைப்பற்றினான். நடுவே பத்தாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி. வரலாற்றாசிரியருக்கு இது இடைஞ்சல் இல்லை. படை திரட்டவும் பொருள் சேர்க்கவும் காலம் பிடிக்கும் என்று சொல்லி மேலே போய்விடலாம். நாவலாசிரியரால் அப்படிப் போகமுடியாது. பத்தாண்டாகியும் ஆறாத ஒரு புண் அவருக்கு வேண்டும். அதை ஆறவிடாத ஒரு மனமும் வேண்டும். நிகழ்ச்சிகள் முன்பே முடிவாகிவிட்டன. கல்கி தம் விருப்பம்போல் படைத்துக்கொள்ள எஞ்சியிருந்தது அந்த மனம்தான். சிவகாமி அவருடைய கற்பனைப் பெண்.

அந்த மனத்தை அவர் சபதக் காட்சிக்காக அவசரமாகச் செய்துகொள்ளவில்லை. முதல் பாகத்திலேயே, சிற்பியின் மகளான தனக்கும் சக்கரவர்த்தித் திருமகனுக்கும் உள்ள தூரத்தை அவள் நன்றாக உணர்ந்திருக்கிறாள். உணர்ந்தும் அதற்குத் தலைவணங்க மறுக்கிறாள். சின்னப் புறக்கணிப்பும் அவளைச் சுட்டுவிடுகிறது. பின்னால் காஞ்சிக் கோட்டைக்குள்ளேயே இருக்கும்படி மகேந்திரர் விதிக்கும் கட்டுப்பாட்டை அவள் பாதுகாப்பாகப் பார்ப்பதில்லை, சிறையாகப் பார்க்கிறாள்; வெளியேறுகிறாள்; பகைவரிடம் அகப்படுகிறாள். பெருமிதம் பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவதாகத் தொல்காப்பியம் கல்வியை வைக்கிறது. சிவகாமியின் பெருமிதம் அந்த வகையைச் சேர்ந்தது. குலமோ செல்வமோ அவளுக்குத் தராத உயரத்தை நாட்டியக் கல்வி தந்திருக்கிறது.

இந்தப் பின்னணியோடு வாதாபியின் நாற்சந்திகளைப் பார்க்கவேண்டும். சிறைபிடித்து வந்த தமிழ் மக்களைச் சவுக்கால் அடிக்கிறார்கள். சிவகாமி ஆடினால் அடி நிற்கும். அவள் ஆடுகிறாள். அவள் தந்தை ஆயனர் எந்த ஆடலின் அபிநயங்களைக் கல்லில் வடித்தாரோ, மகேந்திரரைப் போன்ற ரசிகர் எந்த ஆடலில் மெய்மறந்தாரோ, அதே ஆடல் தெருவில் சவுக்கடிக்கு ஈடாகிறது. கூடியிருப்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். உறுப்பறுத்தல், குடிகளை வருத்துதல், அலைத்தல், கொலை என்று வெகுளிக்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணங்கள் எல்லாமே இந்தப் படையெடுப்பில் நடக்கின்றன. சிற்பிகளின் கைகால்களை வெட்டச் சொல்லும் ஆணைகூட உண்டு. ஆனால் நாடு முழுவதற்கும் நேர்ந்த இந்த அவமானம் ஒரே உடம்பில் வந்து தைப்பது அந்த நாற்சந்தியில்தான். சாது ஒருத்திக்கு அது துன்பமாக மட்டும் இருந்திருக்கும். சிவகாமிக்கு, தான் யார் என்பதையே பறித்த செயல் அது. அதனால்தான் விடுதலை மட்டும் அவளுக்குப் போதவில்லை.

கதையை நடத்துவது சாளுக்கியர் தரப்புப் பிக்கு நாகநந்தியின் சூழ்ச்சியும் மகேந்திரரின் ராஜதந்திரமும்தானே, சிவகாமி அவற்றில் சிக்கிய மான்தானே என்று கேட்கலாம். முன்பாதிக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் நாகநந்தியின் மோகத்தால் அவளை வாதாபியில் இருத்திவைக்க முடிந்ததே ஒழிய, மீட்க வந்தவரைத் திருப்பியனுப்ப அவளால் மட்டுமே முடிந்தது. கதை திரும்புகிற இடம் அதுதான். இன்னொரு தடை இதைவிட வலுவானது: 642-இல் போர் நடந்தே ஆகவேண்டும், ஆகவே கல்கி அவளை வரவிடவில்லை. உண்மைதான், ஆசிரியருக்கு அந்தத் தேவை இருந்தது. தேவை இல்லாத ஆசிரியர் யார்? அந்தத் தேவைக்குக் கொடுத்த காரணம் பாத்திரத்துக்குள்ளிருந்து வருகிறதா என்பதையே நாம் பார்க்கவேண்டும். அதே எழுத்தாளரின் ‘பொன்னியின் செல்வ’னில் வரும் சோழ இளவரசி குந்தவையைச் சிவகாமியின் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அன்றிரவே மாமல்லரோடு புறப்பட்டிருப்பாள். வாதாபியை எரிக்கும் திட்டத்தைக் காஞ்சியில் உட்கார்ந்து இன்னும் திறமையாக வகுத்திருப்பாள். அறிவில் குறைந்தவள் அல்லள் சிவகாமி. சக கைதிகளை விட்டுவிட்டுத் தான் மட்டும் ஒளிந்து வெளியேறுவது அவளுக்கு இன்னொரு அவமானம். அதைத் தாங்கும் சுபாவம் அவளுக்கு இல்லை.

குறை ஒன்று உண்டு. சபதத்துக்குப் பிறகு அந்தச் சுபாவத்துக்குச் செய்ய வேலை இல்லாமல் போகிறது. நான்காம் பாகத்தில் படை திரட்டுவதும் போர் தொடுப்பதும் மாமல்லர், படைத்தளபதி பரஞ்சோதி கைக்குப் போய்விட, அவள் காத்திருப்பவளாகச் சுருங்கிவிடுகிறாள். அந்த ஆண்டுகளை அவள் மனத்தின் வழியே கல்கி இன்னும் விரிவாகக் காட்டியிருக்கலாம்.

முடிவில் அவர் சுதாரித்துக்கொள்கிறார். வாதாபி எரிகிறது. அவள் காஞ்சிக்குத் திரும்பும்போது மாமல்லர் பாண்டிய இளவரசிக்குக் கணவர், குழந்தைகளுக்குத் தந்தை. சிவகாமி ஏகாம்பரநாதருக்கே தன்னை அர்ப்பணித்துக்கொள்கிறாள். பல்லவ வம்சத்துக்கு ஓர் அரசகுலப் பட்டத்தரசி தேவைப்பட்டதால் ஆசிரியர் செய்த சமரசம் என்று இதைக் குறைகூறுகிறவர்கள், வாதாபியில் மறுத்தவள் யார் என்பதை மறந்துவிடுகிறார்கள். அரண்மனையில் இரண்டாம் இடம் கொடுத்தால் போதும் என்று அவள் இசைந்திருந்தால், அன்று மாமல்லரை வெறுங்கையோடு அனுப்பியதை எந்த வாசகராலும் நம்பியிருக்க முடியாது.