மாம்பழமும் வெந்நீரும்



இன்று மாம்பழத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரம் மாம்பழத்துக்குப் பேர்போன ஊர். நம் பூதிகோட்டைப் பக்கமும் தோப்புகள் உண்டு. பாதாமி, தோதாபுரி, நீலம் எல்லாம் வருகின்றன.

என் அம்மா ராபர்ட்சன்பேட்டையில் கூடை வைத்துப் பழம் விற்கிறவர். காய் வாங்கும்போது பச்சைப்பசேல் என்று இருக்கும். வைக்கோலில் வைத்து நாலாம் நாள் பிரித்தால் தோலில் கறுப்புப் புள்ளி. மறுநாள் புள்ளி பெரிதாகிக் குழி விழும். போன வருடம் ஒரு கூடையில் பாதியை மாட்டுக்குப் போட்டோம். வட்டிக்கு வாங்கிய பணத்தில் வாங்கின பழம் அது.

வைக்கோல்தான் கெடுக்கிறது என்று நினைத்தோம். இல்லை. இது ஒரு பூசணம். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே மழையிலும் பனியிலும் தோலுக்குள் புகுந்துவிடும். காய் பச்சையாக இருக்கும் வரை தூங்கும். பழுக்கும்போது விழித்துக்கொள்ளும்.

ஒரு கடைக்காரர், “இந்தப் பொடியைக் கரைத்து முக்கி எடும்மா” என்றார். அதன் பெயர் கார்பென்டாசிம். அது தோலுக்குள் இறங்கும் மருந்து. கழுவினாலும் முழுதாகப் போகாது. அதே வகையைச் சேர்ந்த பெனோமில் என்ற மருந்தை 2018இல் அரசு தடை செய்துவிட்டது. பிள்ளைகள் மாம்பழத்தைத் தோலோடுதானே கடிக்கிறார்கள்? அம்மா பொடி வாங்கவில்லை.

மருந்து இல்லாத வழி வெந்நீர். 52 டிகிரி சூட்டில் 10 நிமிடம் பழத்தை முக்கி வைத்தால் தோலில் தூங்கும் பூசணம் செத்துவிடும். சதை வேகாது. மெக்சிகோவில் இருந்து அமெரிக்காவுக்குப் போகும் மாம்பழத்தையும் வெந்நீரில் முக்குகிறார்கள். அது பழ ஈயின் புழுவைக் கொல்ல. அதற்குச் சூடும் நேரமும் வேறு.

முதல் தடவை நான் கையை விட்டுப் பார்த்து, “சூடு சரி” என்றேன். பத்துப் பழம் தோல் வெந்து பழுப்பாகிவிட்டது. அம்மா திட்டித் தீர்த்தார். சூட்டைக் கையால் சொல்ல முடியாது. வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக்குழல் ஆகாது. அது 42 டிகிரி வரைதான் காட்டும். வெந்நீரில் உடைந்துவிடும். 100 டிகிரி வரை காட்டுவது வேண்டும்.

பறித்த அன்றே செய்ய வேண்டும். முற்றின காயாக இருக்கட்டும். வலை கட்டிய தொரட்டியால் பறியுங்கள். கீழே விழுந்து அடிபட்ட காயை வெந்நீர் காப்பாற்றாது. ஒரு விரல் அகலம் காம்பு விட்டு நறுக்குங்கள். காம்பு ஒடிந்தால் பால் வடிந்து தோலைச் சுடும். அண்டாவில் காய் முழுதும் மூழ்க வேண்டும். காயைப் போட்டதும் சூடு இறங்கும். ஒருவர் வெப்பமானியைப் பார்க்க, இன்னொருவர் கொதிநீர் ஊற்றிக் கலக்க வேண்டும். காய் மேலே ஊற்றக் கூடாது. எடுத்த பிறகு நிழலில் பரப்பி ஈரம் காய விடுங்கள். ஈரத்தோடு கூடையில் அடுக்கினால் பட்ட பாடெல்லாம் வீண்.

கூடையில் வேப்பிலை போட்டால் போதாதா என்று கேட்கிறீர்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தோலுக்குள் புகுந்த பூசணத்தை இலை தொடாது.

இரண்டாம் தடவை எங்கள் கூடையில் கெட்டது ஐந்தே பழம். செலவு ஒரு கட்டு விறகு.

ஞாயிற்றுக்கிழமை நம் பாடசாலைத் திண்ணையில் அண்டா வைக்கிறோம். வெப்பமானி என்னிடம் இருக்கிறது. ஆளுக்குப் பத்துக் காய் கொண்டு வாருங்கள். காம்போடு கொண்டு வாருங்கள்.