புதிய படலமும் பழைய வில்லையும்

கண்ணின் முன்புறத்தே பளிங்குபோல் விளங்குவது விழிவெண்படலம். பிறர் அளித்த படலத்தைப் பொருத்தி ஒளி மீட்கும் சத்திர சிகிச்சையில் முதன்முதல் வெற்றி கண்டவர், 1905இல் மொறாவியாவில் எட்வர்ட் சிர்ம் என்னும் வைத்தியர். இலங்கையில் 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா கண் தானச் சங்கத்தை நிறுவினார். 1964 முதல் இங்கிருந்து பிற நாடுகளுக்கும் தானக் கண்கள் அனுப்பப்பட்டன.

ஆயினும், சிகிச்சை முடிந்த அன்றே பார்வை தெளிந்துவிடுவதில்லை. இப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை; ஆதலின் புண் மெல்லவே ஆறும். தையல்கள் ஓராண்டுக்கு மேலும் இருத்தல் கூடும். ஆறிய பின்னரும் மேற்பரப்பு மேடுபள்ளமாய் அமையின், மூக்குக்கண்ணாடி போதிய பயன் தராது. அப்போது விறைப்பான தொடுவில்லை துணை செய்கிறது. வில்லைக்கும் படலத்துக்கும் இடையே தங்கும் கண்ணீர் பள்ளங்களை நிரப்பிப் பார்வையைத் தெளிவாக்குகிறது.

முன்பு அணிந்த வில்லை இதற்கு உதவாது. கண்ணின் வளைவு மாறியிருக்கும். வைத்தியர் இசைந்த பின், புதிதாய் அளந்தே அணிதல் வேண்டும். வெட்டுண்ட நரம்புகள் முற்றாக மீளாமையால், புண் உண்டாயினும் நோவு தோன்றாதிருக்கலாம். எனவே நோவில்லை என்று வாளாவிருத்தல் ஆகாது. சிவப்பு, கூச்சம், மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் வில்லையைக் கழற்றி, அன்றே வைத்தியரை நாடுதல் வேண்டும். தானமாய்ப் பெற்ற ஒளியைப் பேணுதல் பெற்றவர் கடன்.