மார்கழிக் குளிரும் வெந்நீர்ச் செலவும்



 

மார்கழி பிறந்துவிட்டால் பஜ்ருத் தொழுகையின் வரிசை சுருங்கிவிடுகிறது. வில்லியனூர், பாகூர் வட்டாரத்தில் பனி கொட்டும் நாடுகளின் குளிர் இல்லை. விடியற்காலையில் 20 டிகிரி அளவுக்கு இறங்கினாலே நமக்கு அது பெருங்குளிர். ஆயினும் எழுபது வயதைக் கடந்தவரின் கைகால்களுக்கு அந்தக் குளிர் போதும்.

நான் முன்னர் பணியாற்றிய பள்ளிவாசல் ஒன்றில் அத்தகைய பெரியவர் ஒருவர் பஜ்ருக்கு வருவதை நிறுத்திவிட்டார். செய்தி அறிந்த ஜமாஅத்தார் ஒருவர் வெந்நீர் இயந்திரம் ஒன்றை வாங்கித் தந்தார். பெரியவர் திரும்ப வந்தார், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இஷாவுக்குப் பின் போட்ட சுவிட்சை பஜ்ரு முடிந்தும் எவரும் அணைக்கவில்லை. குழாய்களும் தாராளமாக ஓடின. அடுத்த மின்கட்டணம் வந்தபோது, மோதினாரின் சம்பளம் பாதிதான் கொடுக்கப்பட்டது. மீதியை அவர் வாய்திறந்து கேட்கவில்லை. விரயம் ஒருவருடையது, அதற்கு விலை கொடுத்தவர் மற்றொருவர். அன்றுதான் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வெந்நீரில் உளூச் செய்வது நன்மையைக் குறைத்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். சிரமமான வேளையிலும் உளூவை நிறைவாகச் செய்வதன் சிறப்பு நபிமொழியில் வந்துள்ளது உண்மையே. அதற்காகச் சிரமத்தைத் தேடிப் போகவேண்டும் என்பதில்லை. உமர் (ரலி) அவர்கள் சூடாக்கிய நீரில் உளூச் செய்த செய்தியை இமாம் புகாரீ குறிப்பிடுகிறார்கள். தாதுஸ் ஸலாஸில் போரின்போது கடுங்குளிர் இரவொன்றில் குளிப்புக் கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிருக்கே ஆபத்து என அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். பிறகு நபியவர்கள் விசாரித்தபோது காரணத்தைக் கூறினார்கள். நபியவர்கள் சிரித்தார்களே தவிர ஒன்றும் சொல்லவில்லை. (நம்மூர்க் குளிர் அந்த அளவினது அன்று, போர்வையை விட்டு எழ மனமில்லாதவர் இதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.)

ஆகவே வெந்நீர் கூடும். எவ்வளவு வெந்நீர், அதை எப்படிச் சூடாக்குவது என்பதே கேள்வி.

மார்கழி விடியலில் வயற்காட்டுப் பம்புசெட்டுத் தொட்டியில் குளித்தவர்கள் நம்மில் பலர். குழாயிலிருந்து விழும் நீரில் ஆவி பறக்கும். உடம்புக்கு இதமாக இருக்கும். அந்த நீரை எவரும் சூடாக்கவில்லை. பூமியின் ஆழத்தில் வெயிலும் பனியும் எட்டுவதில்லை. ஆண்டு முழுவதும் நீர் ஏறத்தாழ 28 டிகிரியிலேயே இருக்கிறது. அதே நீரை நாம் மாலையில் மாடித் தொட்டிக்கு ஏற்றி, இரவெல்லாம் பனியில் குளிரவைத்து, பிறகு காசு கொடுத்துச் சூடாக்குகிறோம்! ஆழ்குழாய்க் கிணறு உள்ள பள்ளிவாசல்களில் பஜ்ருக்குச் சற்று முன்பு மோட்டாரைப் போட்டுப் புதுநீர் எடுத்தால், பலருக்கு வெந்நீரே தேவைப்படாது.

கணக்கும் பார்த்துவிடுவோம். 50 பேர் உளூச் செய்கிறார்கள். குழாயைத் திறந்தபடியே வைத்து ஆளுக்கு 6 லிட்டர் செலவிட்டால், 22 டிகிரி தொட்டி நீரை 38 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு வேளைக்கு 5.6 யூனிட் மின்சாரம் வேண்டும். மாதத்துக்கு 168 யூனிட். ஆளுக்கு ஒரு லிட்டர் குவளை என்றால் மாதத்துக்கு 28 யூனிட். அந்த ஒரு லிட்டரும் 28 டிகிரி கிணற்று நீராயின் 18 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு லிட்டர் போதுமா என்று கேட்பீர்கள். நபியவர்கள் ஒரு முத்து நீரில் உளூவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் முடித்தார்கள் என்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒரு முத்து என்பது ஒரு லிட்டரைவிடக் குறைவு.

புதுச்சேரியிலிருந்து பிரான்சில் குடியேறிய குடும்பங்கள் நம் ஊர்களில் பலருக்கு உறவு. அங்கே வீட்டையே சூடாக்க வேண்டும், அதுவே பெருஞ்செலவு. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாட்டு அரசு, அறைகளை 19 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு டிகிரி குறைத்தால் சுமார் 7 விழுக்காடு எரிபொருள் மிஞ்சும் என்பது அவர்களின் கணிப்பு. நமக்கும் இது பொருந்தும்: இயந்திரத்தை 60 டிகிரிக்கு வைத்துக் கொதிக்கவிட்டுப் பச்சைத்தண்ணீர் கலந்து ஆற்றுவதில் என்ன பயன்?

வீட்டில் எரிவாயு அடுப்பில் வெந்நீர் வைப்போர் கவனிக்க: நால்வர் நாளும் ஆளுக்கொரு வாளி குளித்தால், 14.2 கிலோ சிலிண்டரில் மாதம் 4 கிலோவுக்கு மேல் வெந்நீருக்கே போகிறது. பாத்திரத்தை மூடி வையுங்கள். சவுக்கு மிலாறும் தென்னை மட்டையும் எரிப்போர் அடுப்பை வெளியே வையுங்கள். புகையைக் குடிப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். ஹீட்டர் கம்பியை வாளியில் போடுவோர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின்னரே நீரைத் தொட வேண்டும்.

வசதியுள்ள பள்ளிகள் சூரிய வெந்நீர்க் கலம் வைக்கலாம். வெயிலில் சூடான நீர் மக்ரூஹ் அல்லவா என்று ஷாஃபிஈ சகோதரர்கள் கேட்கின்றனர். அந்த மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ அவர்களே, ஆதாரத்தின் அடிப்படையில் அது மக்ரூஹ் அன்று என்ற கருத்தைத் தேர்ந்துள்ளார்கள்.

செலவை மிச்சப்படுத்துகிறோம் என்று செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. பிள்ளை பெற்ற தாயையும் சிசுவையும் அடைத்த அறையில் வைத்துக் கரிச்சட்டியில் நெருப்புப் போடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மூடிய அறையில் கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிர் போய்விடும். உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடும்படி நபியவர்கள் கட்டளையிட்டுள்ளார்கள். சட்டியை வெளியே எடுத்துவிட்டு, தாய்க்கும் பிள்ளைக்கும் கம்பளி ஒன்று கூடுதலாகக் கொடுங்கள்.

முத்தவல்லிகளுக்கு ஒரு வேண்டுகோள். உளூச் செய்யும் இடத்தில் பத்துக் குவளைகள் வாங்கி வையுங்கள். வெந்நீர் முதலில் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் என எழுதித் தொங்கவிடுங்கள். மார்கழி முதல் நாளன்று மின்மீட்டரின் எண்ணைக் குறித்து வைத்து, தை முதல் நாளில் மீண்டும் பாருங்கள். சென்ற ஆண்டைவிடக் குறைந்திருந்தால், அந்தத் தொகையை மோதினாரின் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.